வராந்தாவில் கேட்ட நடை

பவானிபூர், கல்கத்தா
கீலக வருஷம், சித்திரை 20

அன்புள்ள அக்கா நாகலக்ஷ்மிக்கு, தங்கை அனந்தலக்ஷ்மியின் நமஸ்காரம். நானும் அவரும் சௌக்கியம். மாயவரத்தில் நீயும் அத்திம்பேரும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மாவின் முழங்கால் வலி தேவலையா?

நான் இங்கே குடித்தனம் வந்து இரண்டு மாதம் ஆகப்போகிறது. மாடி வீடு. தெருவைப் பார்த்து நீளமாக ஒரு வராந்தா. அவர் காலையில் டிராம் ஏறிக் கிடர்பூரில் கப்பல் கம்பெனி ஆபீஸுக்குப் போனால் சாயங்காலம்தான் திரும்புவார். வந்து காபி குடித்த கையோடு பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவார்.

அங்கே ஹரிசாதன் பாபு என்று ஒரு பெரியவர் இருக்கிறார். பெரிய கவியாம், தத்துவ ஞானியாம். இயற்கை, அழகு, மனித குணம் என்று இந்த மூன்றைப் பற்றியே ஆயுள் முழுதும் எழுதியிருக்கிறாராம். இப்போது கண் மங்கிவிட்டது. போன வருஷம் சம்சாரம் கமலினி தேவி போனதிலிருந்து ஒரு வரிகூட எழுதவில்லை. உன் மாப்பிள்ளை இத்தனை வருஷத்தில் வங்காளம் நன்றாகக் கற்றுக்கொண்டிருக்கிறார். போய் அவருக்குப் பத்திரிகை வாசித்துக் காட்டுகிறார்.

நேற்று சாதம் அடிப்பிடித்துவிட்டது. பயந்துகொண்டே பரிமாறினேன். "காய்ந்த இலைகூட விழறச்சே அவசரப்படறதில்லேன்னு ஹரிசாதன் பாபு சொல்லியிருக்கார்" என்றார். சாதத்துக்கும் இலைக்கும் என்ன சம்பந்தமோ! கோபிக்கவில்லை, அது போதும்.

உன் தங்கை,
அனந்தலக்ஷ்மி

*

மாயவரம்
கீலக வருஷம், வைகாசி 15

சௌபாக்யவதி அனந்தலக்ஷ்மிக்கு அக்காவின் ஆசீர்வாதம். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு வலி அப்படியேதான். உன் கடிதத்தை நான்கு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள்.

மாப்பிள்ளை கோபக்காரர் இல்லை என்பதில் எனக்கு நிம்மதி. ஆனால் நீ எழுதியதில் அவர் என்ன சொன்னார் என்பது இல்லையே. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதைத்தானே அவர் சொல்லியிருக்கிறார்? சாதம் எப்படி இருந்தது என்று அவர் வாயால் ஒரு வார்த்தை சொல்லட்டும். உன் அத்திம்பேருக்குத் தத்துவம் ஒன்றும் தெரியாது. உப்பு கூடினால் தட்டைத் தள்ளுவார். அதில் ஒரு சௌகரியம் இருக்கிறது.

ஊர் பழகிவிட்டதா? பேச்சுத் துணைக்கு யாராவது உண்டா? எழுது.

உன் அக்கா,
நாகலக்ஷ்மி

*

பவானிபூர்
கீலக வருஷம், ஆனி 28

அக்காவுக்கு நமஸ்காரம். நாங்கள் சௌக்கியம். உங்கள் எல்லோருடைய சௌக்கியமும் எழுது. மழை பிடித்துக்கொண்டது. கொடியில் போட்ட புடவை காய்வதே இல்லை.

பேச்சுத் துணை கேட்டிருந்தாய். வேலைக்காரி கீரோதா இருக்கிறாள். அவள் வங்காளத்தில் பேச, நான் தமிழில் பேச, எப்படியோ பொழுது போகிறது. சாயங்காலம் வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பேன். வேறென்ன செய்வது?

அதில்தான் ஒரு அதிசயம் நடந்தது. போன வாரம் அவர் பக்கத்து வீட்டிலிருந்து கண் கலங்கித் திரும்பி வந்தார். பெரியவர் எழுதிக்கொள்ளச் சொல்லிப் புதுப் பாட்டு ஒன்று சொன்னாராம்! ஒரு வருஷத்துக்கு அப்புறம்! காரணம் என்ன தெரியுமா? என் மெட்டிச் சத்தம். இரண்டு வராந்தாவுக்கும் நடுவில் ஒரு மரத் தட்டிதான். பெரியவர் அந்தப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் சத்தம் கேட்டு, "கமலினி நடக்கிறாள்" என்றாராம்.

"நாளைக்கும் நடப்பியா?" என்று கேட்டார் அவர். என்னிடம் ஒன்று வேண்டும் என்று அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. நடக்கிறேன் என்றேன். இப்போது தினமும் நடக்கிறேன். அவர் அந்தப் பக்கம் உட்கார்ந்து பெரியவர் சொல்லச் சொல்ல எழுதுகிறார்.

கடுகெண்ணெய் வாசனைதான் தாங்கவில்லை. கீரோதா தாளித்தால் குடலைப் புரட்டுகிறது.

அனந்தலக்ஷ்மி

*

மாயவரம்
கீலக வருஷம், ஆடி 25

அனந்தத்துக்கு ஆசீர்வாதம். நாங்கள் நலம். நீ எப்படி இருக்கிறாய் என்பதை மறைக்காமல் எழுது.

கடுகெண்ணெய் எல்லோருக்கும்தான் நாறும். குடலைப் புரட்டுவது வேறு. நாள் தள்ளிப்போயிருக்கிறதா? அம்மா அடுப்பங்கரையிலிருந்து, "கேளு, கேளு" என்கிறாள்.

அப்படியானால் இன்னொன்றையும் கேட்டுக்கொள். செத்துப்போனவளின் நடையை நீ நடக்காதே. எனக்குப் பிடிக்கவில்லை. அந்தப் பெரியவர் ஞானியாக இருக்கட்டும், பாட்டு எழுதட்டும். உன் கால் உன் வீட்டில் உன் காரியத்துக்கு நடக்கட்டும். மாப்பிள்ளையிடம் சொல்ல உனக்கு வாய் வராது என்று தெரியும். அக்கா சொன்னாள் என்று சொல்.

கார்த்திகையில் சீமந்தத்துக்கு உன்னை இங்கே அழைத்துக்கொள்கிறோம். ஐப்பசி கடைசியில் அத்திம்பேர் வருவார்.

நாகலக்ஷ்மி

*

பவானிபூர்
கீலக வருஷம், புரட்டாசி 18

அக்காவுக்கும் அம்மாவுக்கும் நமஸ்காரம். உடம்புக்கு ஒன்றுமில்லை, கால் மட்டும் கொஞ்சம் வீங்குகிறது. அங்கே எல்லோரும் சுகந்தானே?

நீ நினைத்தது சரி. அம்மாவிடம் சொல். அவருக்கும் சந்தோஷம். "மரம் தன் கனியைப் பத்திப் பேசறதில்லே" என்று ஏதோ சொன்னார். அவர் சிரித்தது எனக்குப் பிடித்திருந்தது.

நடப்பதை விடச் சொல்லி எழுதியிருந்தாய். சொல்லிப் பார்த்தேன். "நடந்தா நல்லதுன்னு டாக்டரே சொல்றார்" என்கிறார். ஒரு நாள் களைத்து நின்றுவிட்டேன். அந்தப் பக்கத்திலிருந்து பெரியவர் கைத்தடியால் தட்டியைத் தட்டினார். கோபமாக இல்லை. குழந்தை கதவைத் தட்டுவதுபோல, மெதுவாக. மறுபடி நடந்தேன்.

துர்கா பூஜைக்குப் பெரியவர் வீட்டுக்கு நிறையப் பேர் வந்தார்கள். ஒரு அம்மாள் நான் வராந்தாவில் நிற்பதைப் பார்த்து, "கமலினி தீதி" என்று, அக்காவைக் கூப்பிடுவதுபோலக் கைகூப்பினாள். அப்புறம் நாக்கைக் கடித்துக்கொண்டாள். எல்லோரும் என்னைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் பேசினார்கள். நான் உள்ளே வந்து கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டேன். சிரிக்காதே அக்கா, நிஜமாகவே பார்த்துக்கொண்டேன்.

அத்திம்பேர் வரும் தேதியை எழுது.

அனந்தலக்ஷ்மி

*

பவானிபூர்
கீலக வருஷம், ஐப்பசி 22

மஹாராஜராஜஸ்ரீ சிவராமகிருஷ்ணன் அவர்களுக்கு, மஹாதேவன் அனேக நமஸ்காரம். இவ்விடம் க்ஷேமம். தங்கள் க்ஷேமத்தையும் மாமியாரின் தேக நிலையையும் தெரிவிக்கக் கோருகிறேன்.

தங்கள் மைத்துனிக்குச் சற்று அசௌக்கியம். ஜுரம் இருந்து, இப்போது குணம். ரயில் பிரயாணம் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதால் தாங்கள் இப்போது புறப்பட்டு வர வேண்டாம். சீமந்த ஏற்பாடுகளையும் நிறுத்திவைக்கலாம்.

நதி தான் கடந்துவந்த கரையைத் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது ஹரிசாதன் பாபுவின் வாக்கு. பெரியவர்கள் கவலைப்பட வேண்டாம்.

மஹாதேவன்

*

மாயவரம்
கீலக வருஷம், கார்த்திகை 10

கண்ணே அனந்தம், அக்கா எழுதுகிறேன். நாங்கள் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய்?

மாப்பிள்ளையின் கடிதத்தை அத்திம்பேர் வாசித்துவிட்டு, ஜுரம்தானாம் என்றார். நான் வாங்கி வாசித்தேன். ஜுரத்துக்கு யாரும் சீமந்தத்தை நிறுத்துவதில்லை. அம்மாவிடம் ஜுரம் என்றே சொல்லியிருக்கிறேன். அவள் திரும்பிக் கேட்கவில்லை. உனக்கென்று எடுத்து வைத்திருந்த பழம்புடவைத் துணிகளை மடித்துப் பரண்மேல் போட்டாள்.

எதையும் விவரமாக எழுத வேண்டாம். உன் கையால் ஒரு வரி எழுது.

அக்கா

*

பவானிபூர்
கீலக வருஷம், தை 19

அக்காவுக்கு நமஸ்காரம். நீ ஒரு வரிதான் கேட்டாய். அதற்கு மார்கழியும் போய்விட்டது. இப்போது எழுந்து நடமாடுகிறேன், சமைக்கிறேன். குளிர் அதிகம். அம்மாவுக்கு இதை வாசித்துக் காட்டாதே.

தீபாவளிக்கு முன்தினம் மத்தியானம் நல்ல மழை. சாயங்காலம் வராந்தா பாசியாக வழுக்கியது. "இன்னிக்கு வேண்டாமே" என்றேன். "பெரியவர் நாற்காலியைப் போட்டுண்டு உட்கார்ந்துட்டார், பாவம். மெள்ள நட" என்று சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனார். மெள்ளத்தான் நடந்தேன் அக்கா.

பெண் குழந்தையாம். கீரோதா சொன்னாள். எனக்குக் காட்டவில்லை. அவளுடைய தம்பி துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனானாம்.

அதற்கப்புறம் இந்த வீட்டில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. அவர் தினமும் என் பக்கத்தில் உட்கார்ந்து பெரியவரின் வாக்கு ஒன்றைத் தமிழாக்கிச் சொல்வார். நதி, மேகம், உதிர்ந்த பூ. நான் கேட்டுக்கொண்டிருப்பேன். ஒரு நாள் அவர் ஆபீஸ் போன பிறகு உரக்க, "போதும்" என்று சொல்லிப் பார்த்தேன். சுவர்தான் கேட்டது.

பொங்கலுக்கு அப்புறம் ஒரு மாதப் பத்திரிகை வந்தது. பெரியவரின் புதுப் பாட்டு அச்சாகியிருந்தது. ஊரே கொண்டாடுகிறதாம். எனக்காக வரி வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். சாயங்காலத்தில் ஒருத்தி நடக்கிறாள். நாளுக்கு நாள் அவள் நடை தாமதமாகிறது, கனக்கிறது. மழை சுமந்த மேகம் மலையேறுவதுபோல... அந்த இடத்தில் அவர் குரல் நின்றுவிட்டது. அவர் கையாலேயே எழுதிக் கொடுத்த பாட்டு அக்கா. எழுதியபோது அவருக்குத் தெரியவில்லை. எனக்குச் சொல்லும்போதுதான் தெரிந்தது.

"ஏன் நிறுத்திட்டேள்? வாசியுங்கோ" என்றேன். அவர் பத்திரிகையை மூடிவிட்டார்.

மறுநாள் மத்தியானம் நானே பக்கத்து வீட்டுக்குப் போனேன். பெரியவர் தனியாக இருந்தார். என் சத்தம் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டார்.

எனக்குத் தெரிந்த அரைகுறை வங்காளத்தில் கேட்டேன். "தினமும் என் நடையைக் கேட்டீர்கள். அது கனத்ததும் தெரிந்ததா?"

"தெரிந்தது பௌமா" என்றார். மருமகளை அப்படித்தான் கூப்பிடுவார்கள் இங்கே.

"ஏன் என்று தோன்றவில்லையா?"

மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு, "அழகாக இருந்தது. அதற்குமேல் நான் கேட்கவில்லை" என்றார்.

"உங்கள் சம்சாரம் மெட்டி போடுவாரா?"

"இல்லை. அவள் போட்டதே இல்லை."

"அப்படியானால் கமலினி நடக்கிறாள் என்று ஏன் சொன்னீர்கள்?"

"எல்லோர் வீட்டிலும் செத்தவர்கள் வருகிறார்கள் பௌமா. என் வீட்டுக்கு அவள் வரவில்லை. இந்த வீட்டில் அவள் ஆயுள் முழுதும் நடந்தாள். நான் குயிலைக் கேட்டேன், இலையைக் கேட்டேன், கங்கையைக் கேட்டேன். அவள் காலடி ஒன்றுகூட என் காதில் இல்லை. எதை வைத்து அவளைக் கூப்பிடுவேன்? உன் நடையை எடுத்துக்கொண்டேன்."

அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. குனிந்து இரண்டு மெட்டியையும் கழற்றி அவர் மேஜைமேல் வைத்தேன். "இதுதானே வேணும்? வெச்சுக்கோங்கோ" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

படி இறங்கும்போது என் காலில் சத்தமே இல்லை. யாரோ இறங்கிப் போவதை நான் பார்த்துக்கொண்டிருப்பதுபோல இருந்தது.

அனந்தலக்ஷ்மி

*

மாயவரம்
கீலக வருஷம், மாசி 9

அனந்தம், அக்காவின் ஆசீர்வாதம் என்றைக்கும் உனக்கு உண்டு. இங்கே அம்மாவுக்குக் கொஞ்சம் இருமல். மற்றபடி சுகம்.

புருஷன் இருக்கும்போது மெட்டியைக் கழற்றினாளே என்று எனக்கு ஆத்திரம் வந்தது. உன்னை என்னவெல்லாம் திட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனேன். அங்கே வெகுநேரம் நின்றேன். திரும்பி வந்தபோது திட்டுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

நீ நடக்காதே என்று ஒரு தடவை எழுதிவிட்டுச் சும்மா இருந்துவிட்டேன். அத்திம்பேரை அப்போதே ரயிலேற்றியிருக்க வேண்டும்.

இங்கே வந்துவிடு. யாரும் உன்னை ஒன்றும் கேட்காமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

அக்கா

*

பவானிபூர்
கீலக வருஷம், பங்குனி 6

ஸ்ரீமதி நாகலக்ஷ்மி அவர்களுக்கு மஹாதேவன் நமஸ்காரம். தங்கள் எல்லோருடைய தேக சௌக்கியத்தையும் பகவான் காக்கட்டும். இங்கே சரீரத்துக்கு ஒரு குறையுமில்லை.

தங்களுக்கு நேரே எழுதுவது மரியாதை அல்ல என்று தெரியும். வேறு யாருக்கு எழுதுவது என்று தெரியவில்லை.

ஹரிசாதன் பாபு என்னை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்தப் பாட்டைப் புஸ்தகத்தில் சேர்க்கக் கூடாது என்று அச்சுக்கூடத்துக்கு எழுதிவிட்டார். மெட்டியைத் திருப்பிக் கொடுத்தபோது இன்னொன்றும் சொன்னார். தங்கள் தங்கை நடப்பதை விட்ட பிறகும் சாயங்காலத்தில் எங்கள் வராந்தாவில் நடை கேட்கிறதாம். "அது பௌமாவின் நடை இல்லை. சின்ன நடை. அதை நான் கேட்கக் கூடாது" என்று சொல்லி நாற்காலியை உள்ளே போட்டுக்கொண்டுவிட்டார். கிழவரின் பிரமை என்றுதான் நினைத்தேன். இப்போது சாயங்காலம் ஆனால் நானும் அந்தப் பக்கம் போவதில்லை. அவளிடம் இதைச் சொல்லவில்லை.

அவள் மெட்டியைப் போட்டுக்கொள்ளவில்லை. வீட்டில் எந்த அறையில் இருக்கிறாள் என்று எனக்குத் தெரிவதில்லை. திரும்பிப் பார்த்தால் பின்னால் நிற்கிறாள். முன்பெல்லாம் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அதைக் கேட்டதாக எனக்கு நினைவில்லை. ஆனால் அது இல்லாதது மட்டும் தெரிகிறது.

அவள் என்னிடம் ஒன்றுதான் கேட்கிறாள். "எங்கே வெச்சா?" என்று. எனக்குத் தெரியாது. அன்றைக்கு நான் டாக்டரோடு அவள் பக்கத்தில் இருந்தேன். கீரோதாவின் தம்பி குழந்தையை எங்கே கொண்டுபோனான் என்று பிறகும் நான் கேட்கவில்லை. அவள் மனசுக்கு எது ஆறுதலாகும் என்று தாங்கள்தான் சொல்ல வேண்டும்.

மஹாதேவன்

*

மாயவரம்
கீலக வருஷம், பங்குனி 20

மாப்பிள்ளைக்கு நாகலக்ஷ்மி எழுதுவது. இங்கே க்ஷேமம். நீங்கள் இருவரும் வேளைக்குச் சாப்பிட வேண்டும்.

அவள் ஆறுதல் கேட்கவில்லையே. இடம் கேட்கிறாள். தெரியாவிட்டால் விசாரித்துத் தெரிந்துகொண்டு அழைத்துப் போங்கள். போகும் வழியில் யாருடைய வாக்கையும் அவளுக்குச் சொல்லாதீர்கள்.

நாகலக்ஷ்மி

*

பவானிபூர்
சௌமிய வருஷம், சித்திரை 27

அக்காவுக்கும் அத்திம்பேருக்கும் அம்மாவுக்கும் நமஸ்காரம். வெயில் கடுமை. நாங்கள் சௌக்கியம் என்று எழுதலாம் என்று நினைக்கிறேன். அம்மாவின் இருமல் நின்றதா?

கீரோதாவின் தம்பி இங்கே இல்லை. இவர் விசாரித்துக்கொண்டே இருந்தார். ஆபீஸ் விட்டதும் எங்கெங்கோ அலைந்துவிட்டு இருட்டிய பிறகு வருவார். கடைசியில் கிடர்பூரிலேயே, அவர் ஆபீஸுக்குக் கூப்பிடு தூரத்தில், மூட்டை தூக்கிக்கொண்டிருந்தானாம். போன ஞாயிற்றுக்கிழமை அவன் எங்களை டாக்குரியாவுக்கு அழைத்துக்கொண்டு போனான்.

போவதற்கு முன் அவர் பெரியவர் சொன்ன அந்தச் சின்ன நடையைப் பற்றி எனக்குச் சொன்னார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அது எனக்குத் தை மாதத்திலிருந்தே கேட்கிறது. வராந்தாக் கதவை அதற்காகத்தான் திறந்துவைக்கிறேன். கொசு வருகிறது என்று இத்தனை நாள் அவர்தான் சாத்திக்கொண்டிருந்தார். இப்போது சாத்துவதில்லை.

டாக்குரியா ஸ்டேஷனைத் தாண்டினால் ஒரே சேறும் கோரையும். கொஞ்ச தூரத்தில் மூங்கில் புதர். மாடு மேய்ந்துகொண்டிருந்தது. அந்த ஆள் ஒரு இடத்தில் நின்று, "இங்கேதான்" என்றான். அப்புறம் சுற்றிப் பார்த்துவிட்டு, "இல்லை, அந்த மூங்கிலுக்குக் கிட்டே. அன்றைக்குத் தண்ணீர் இருந்தது" என்றான். அவனுக்கே நிச்சயமில்லை. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத் தள்ளிப் போய் நின்றுகொண்டான்.

அழகான இடமா என்று கேட்காதே. நாற்றம் அடித்தது. நான் நின்றுகொண்டிருந்தேன். அவர் வாயைத் திறந்தார். நதி வரப்போகிறது, இலை வரப்போகிறது என்று நினைத்து நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். ஒன்றும் வரவில்லை அக்கா. வாயைத் திறந்தபடியே அவர் சேற்றில் உட்கார்ந்துவிட்டார். கோட்டு, அங்கவஸ்திரத்தோடு. பிறகு ஒரு சத்தம் வந்தது. மாடு மேய்த்தவன் திரும்பிப் பார்த்தான். அவர் அப்படி அழுவார் என்று எனக்குத் தெரியாது. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

வெகுநேரத்துக்குப் பிறகு, "என்ன பேர் வெச்சிருப்போம்?" என்று கேட்டார்.

"நீங்க சொல்லுங்கோ."

"எனக்குத் தெரியலே. நீதானே சுமந்தே. நீ சொல்லு."

சொன்னேன். அவர் அதைத் திருப்பிச் சொன்னார். வீடு வந்து சேரும்வரை வேறெதுவும் பேசவில்லை.

ஆனியில் மாயவரம் வருகிறோம். அவருக்கும் லீவு கிடைத்திருக்கிறது. குழந்தையின் பெயரை இதில் எழுதவில்லை. வரும்போது உன்னிடம் வாயால் சொல்கிறேன். அம்மாவிடம் நீ சொல்.

உன் தங்கை,
அனந்தலக்ஷ்மி